எட்டு மணிக் கதவு

என்னை வெளியே பெஞ்சில் நாற்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டீர்கள், ஐயா. குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். எனக்கென்னவோ ஒருவரைக் காக்க வைப்பது என்றாலே பிடிக்காது. பத்தொன்பது வருடமாக நான் பார்த்த உத்தியோகமே காத்திருப்பவர்களை உள்ளே விடுவதுதான்.

தாளும் பேனாவும் கேட்டதும் கொடுத்தீர்கள், நன்றி. வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் ஏதாவது கேட்பீர்கள், நான் வேறு எங்கேயோ போய்விடுவேன். எழுதினால் வரிசையாக வரும். நான்கு நாட்களாக உங்கள் காவலில் இருக்கிற என் மைத்துனன் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். அவன் என் மனைவியின் தம்பி. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. பித்தானை அமுக்கியது அவன் விரல், அவ்வளவுதான்.

முதலில் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பூங்காவின் பெரிய வாசல் ஒன்பது மணிக்குத் திறக்கும். பூங்காவை ஒட்டினாற்போல் அதன் சொந்த ஹோட்டல். ஹோட்டலின் பின்பக்கம் செயற்கை ஏரி, ஏரியின் மேல் ஒரு சின்னப் பாலம், பாலம் முடிகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு. அதுதான் என் கதவு. ஹோட்டலில் தங்குகிறவர்களுக்கு மட்டும் அது எட்டு மணிக்கே திறக்கும். பொதுக்கூட்டம் வந்து சேருவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அத்தனை ராட்டினமும் அத்தனை ரயிலும் அவர்களுக்குத்தான். அந்த ஹோட்டலில் வேறென்ன இருந்தது என்கிறீர்கள்? கட்டில் கிறீச்சிடும். வெந்நீர் தனக்கு மனசு வந்தால் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஜனங்கள் தங்கினார்கள்.

ஏழரைக்கே பாலத்தில் குழந்தைகள் வந்து நின்றுவிடும். பாதி தூக்கத்தில், கையில் கடித்த ரொட்டியோடு. நான் சாவியை எடுத்துக்கொண்டு வருவேன். எட்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது, வரிசையில் இருப்பதிலேயே சின்னக் குழந்தை எதுவோ அதைக் கூப்பிட்டு, "சாவியத் தொடு கண்ணு" என்பேன். அது ஒரு விரலை வைக்கும். அதன் விரலோடு சேர்த்து நான் சாவியைத் திருப்புவேன். அந்தக் குழந்தைதான் பூங்காவைத் திறந்தது என்று எல்லோரும் கைதட்டுவார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நானாகத் தொடங்கியது. கல்யாணமாகிக் குழந்தையோடு திரும்பி வந்து, "மாமா, சின்ன வயசுல நான் சாவி தொட்டேனே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஞாபகம் இருக்கிறது என்றே சொல்வேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. எழுத வேண்டிய விஷயமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. இந்த வழக்குக்கு அதுதான் முக்கியம்.

நீங்கள் ரோலர் கோஸ்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கு அது பெரிய வண்டி. அதன் தண்டவாளம் மூன்று இடத்தில் சரிந்து இறங்கும். மூன்றாவது சரிவு செயற்கை மலைக்குப் பின்னால், இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் போகிறது. வண்டியை ஓட்டுகிற அறையிலிருந்து அந்த இடம் தெரியாது. அதனால் ஒரு முறை வைத்திருந்தோம். தண்டவாளத்துப் பக்கம் யார் போனாலும், மெக்கானிக் ஆனாலும் முதலாளியே ஆனாலும், என் அறைக்கு வந்து ஆளுக்கு ஒரு பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு காலையும் கதவு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பெரிய வண்டியைக் காலியாக ஒரு சுற்று விட்டுப் பார்ப்பார்கள். விடுவதற்கு முன் என் மைத்துனன் எனக்குப் போன் செய்வான். நான் பலகையைப் பார்ப்பேன். ஒரு வில்லையும் இல்லையென்றால், "பலகை காலி" என்பேன். அவன் பித்தானை அமுக்குவான். இத்தனை வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

பதினான்கு மாதம் முன்னால் ஒரு புது அதிகாரி வந்தார். விருந்தினர் சலுகைகள் அவர் பொறுப்பு. வந்த இரண்டாம் வாரமே நாங்கள் அவருக்கு அட்டவணை என்று பெயர் வைத்துவிட்டோம். எந்நேரமும் கையில் ஓர் அட்டவணை இருக்கும், அது நேற்றைய அட்டவணையாக இருக்காது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எல்லோரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். குரல் உயர்த்த மாட்டார். சிரித்த முகம்.

முதல் மாற்றம், எட்டு மணி எட்டரை ஆனது. ஒரு மணி நேரச் சலுகை அரை மணி நேரமாகச் சுருங்கியது. அடுத்து, ஏரியைப் பார்த்த அறைகளில் தங்குகிறவர்களுக்கு மட்டும் என்றார்கள். பிறகு வெள்ளி, சனி கிடையாது. பிறகு கையில் கட்டுகிற பட்டை வந்தது. ஒரு வாரம் நீலப் பட்டைக்கு அனுமதி, மறு வாரம் பச்சைக்கு. எந்த வாரம் எது என்று செல்போனில் வருமாம். ஹோட்டலின் பழைய விளம்பரத் தாளில் மட்டும் எட்டு மணி என்று அப்படியே இருந்தது. அதை யாரும் மாற்றவில்லை.

ஆக, ஆறு மாதம் முன்பே அறை எடுத்தவர்கள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எட்டு மணிக்கு என் முன்னால் வந்து நிற்பார்கள். அட்டவணை எட்டு மணிக்கு அங்கே இருக்க மாட்டார். நான் இருப்பேன்.

திட்டியதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. என் முகத்தில் துப்பிய பாட்டி ஒருத்தி. கம்பிக்குள் கையை விட்டு என் சட்டைப் பையைக் கிழித்தவர் ஒருவர். அவரவர் வயிற்றெரிச்சல். நான் துடைத்துக்கொண்டு நிற்பேன். பிறகு ஒரு புதன்கிழமை, கனத்த உடம்புக்காரர் ஒருவர் மகனோடு வந்தார். முந்தின நாள் நானே அவர்களை உள்ளே விட்டிருந்தேன். அந்தப் பையன்தான் சாவி தொட்டவன்.

"நேத்து விட்டீங்க. இதே பட்டைதானே?" என்றார்.

"நேத்து வரைக்கும் நீலம் சார். இன்னிலேருந்து பச்சை."

"நேத்துக்கும் இன்னிக்கும் என் பிள்ளை வேற பிள்ளையாயிட்டானா?"

நியாயமான கேள்வி. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அவர் கையிலிருந்த இரும்புத் தண்ணீர் பாட்டிலால் அடித்தார். முன்பல் ஒன்று உடைந்து தொண்டைக்குள் போய்விட்டது. இன்னொன்று உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் விழுந்தபோது அந்தப் பையன் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அடி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, ஐயா. அவன் பார்த்ததுதான்.

மதியம் அட்டவணை என்னைப் பார்க்க வந்தார். "அண்ணே, நீங்க ஏன் அவங்களோட வாதாடறீங்க? சிரிச்ச முகமா சொன்னா யாருக்கும் கோவம் வராது" என்றார். என் வாயில் நான்கு தையல் போட்டிருந்தது.

வீட்டில் என் மனைவி சாதத்தைக் குழைத்து ஊட்டிவிட்டாள். "அடி வாங்கறதுக்கா அந்தக் கதவுல போயி நிக்கறீங்க? வேலைய விட்டுட்டு வந்துருங்க, பாத்துக்கலாம்" என்றாள். அவளுக்குப் புரியாது. அவள் ஒருநாளும் எட்டு மணிக்கு அங்கே வந்து பார்த்தவள் இல்லை.

மறுநாளும் அந்தக் கனத்த மனிதர் வந்தார். ஹோட்டல்காரர்கள் அவரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் செய்திருந்தார்களே தவிர, பட்டையின் நிறத்தை மாற்றிக் கொடுக்கவில்லை. பச்சைப் பட்டைக்காரர்களுக்காக எட்டரைக்கு நான் கதவைத் திறந்தபோது, அவர் கதவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தானும் நுழையப் பார்த்தார். கதவும் நிலையும் சேருகிற இடத்தில் அவருடைய நான்கு விரல்கள் இருந்தன. நான் அவற்றைப் பார்த்தேன். அவர் பிடியை விடுவதற்கு வேண்டிய நேரம் கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மூடினேன். கனமான கதவு, மூடும்போது தோளையும் கொடுத்துத் தள்ள வேண்டும். காய்ந்த குச்சிகளைச் சேர்த்து ஒடித்தது போலச் சத்தம். இரண்டு விரல்களைப் பிறகு எடுத்துவிட்டார்களாம். காற்றில் கதவு சாத்திக்கொண்டது என்று பதிவேட்டில் எழுதினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அன்று காற்றே இல்லை.

அன்று மதியம் பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது. இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் எதையும் மறைக்கவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அதன்பின் ஐந்து மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இருக்கிற பல்லைத்தான், வேலை பார்த்தேன். போன வாரம் என் கதவுக்குப் பக்கத்தில் ஆட்கள் வந்து ஏதோ ஒன்றைத் தரையில் பதித்து, பிளாஸ்டிக் தாள் சுற்றிவிட்டுப் போனார்கள். என்ன என்று யாரும் சொல்லவில்லை. கதவுக்கு மேலே இருந்த கண்காணிப்புக் கேமராவையும் கழற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஏழேகாலுக்கு அட்டவணை வந்தார். கூடவே படம் பிடிக்கிற அம்மாள் ஒருவர், தோளில் பெரிய கேமரா. முப்பத்தைந்து வயது இருக்கும். புதுச் சலுகைக்கு விளம்பரப் படம் எடுக்கப் போகிறார்களாம். மூன்றாவது சரிவில், பள்ளத்துக்குள் நின்றுகொண்டு அட்டவணை பேசுவாராம், காலை வெயில் அங்கேதான் அழகாக விழுமாம். பின்னால் மலை அருவியும் ஓட வேண்டுமாம். அந்த அருவி ஓடினால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"ரெண்டு பேரும் வில்லை மாட்டணும் சார்" என்றேன்.

"என் வில்லை ஆபீஸ்ல இருக்கு. வெளியாளுக்குன்னு இங்க ஒண்ணு இருக்கும்ல? ரெண்டு பேருக்கும் அதுவே போதும்ணே, சும்மா பத்து நிமிஷம்" என்றார்.

வில்லையை அவரே பலகையில் மாட்டினார். பிறகு என் தோளில் கை போட்டார்.

"அண்ணே, உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன். நாளையிலேருந்து பழையபடி எட்டு மணி. முழுசா ஒரு மணி நேரம். ஹோட்டல்ல தங்கற எல்லாருக்கும். நிறமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நம்மகிட்ட வந்த புகாரெல்லாம் கட்டுக்கட்டா மேல கொண்டுபோயி வெச்சேன். ஒத்துக்கிட்டாங்க."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொய் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கும் இனிமே ஒரு தொல்லையும் இல்ல" என்றார். "அதோ, அத பிரிச்சிருவாங்க இன்னிக்கு. கைப்பட்டைய காட்டினா கதவு தானா திறந்துக்கும். யாரும் நிக்கவே வேண்டாம். உங்கள வண்டி நிறுத்தற இடத்துக்கு மாத்தச் சொல்லிட்டேன், நிழலா உக்காந்துக்கலாம். நீங்க பட்ட அடியெல்லாம் போதும்ணே."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போது அந்த அம்மாள், "அண்ணே, ஒரு நிமிஷம். பழைய கதவு, பழைய சாவி. ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்துக்கறேன். கொஞ்சம் சிரிங்க" என்றார். நான் சாவியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கேமரா உங்களிடம்தான் இருக்கிறது. அதில் கடைசிக்கு முந்தைய படம் நானாகத்தான் இருப்பேன்.

அவர்கள் போனார்கள். அருவி ஓடத் தொடங்கியது. நான் ஒரு டீ குடித்தேன். டீ முடியும்வரை யோசித்தேன். நீங்கள் கேட்பீர்கள், சலுகைதான் திரும்பி வந்துவிட்டதே, இனி என்ன கோபம் என்று. எனக்கும் அதே கேள்வி வந்தது. கோபம் இல்லை, ஐயா. ஆனால் பதினான்கு மாதம் அந்தக் குழந்தைகளை என் கதவுக்கு வெளியே அழவிட்டவர் ஒருவர். இப்போது போனால் போகிறது என்று அவரே திருப்பிக் கொடுத்து, அதற்குப் படமும் எடுத்து, பேரும் வாங்கிக்கொள்வார். அடி வாங்கிய இடத்தில் ஓர் இயந்திரம் நிற்கும். குழந்தை கையை நீட்டும், அது கீச்சென்று ஒரு சத்தம் போடும், கதவு திறக்கும். யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்லை. இதற்குப் பெயர் சலுகையா? குழந்தைகளுக்கு இது நல்லதில்லை என்று எனக்குத் தோன்றியது. அவர்களுக்காகத்தான் யோசித்தேன்.

டம்ளரைக் கழுவி வைத்தேன். பலகையிலிருந்து அந்த ஒற்றை வில்லையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஏழு நாற்பதுக்கு மைத்துனனுக்கு நானே போன் செய்தேன்.

"மாப்ளே, பலகை காலி."

"என்ன அத்தான், இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம்?"

"இன்னிக்கு எட்டு மணிக்கே கதவு. சொல்லலையா உனக்கு?"

"யாரு சொன்னாங்க. இவங்க ஒரு நாளைக்கு ஒண்ணு மாத்துவாங்க" என்று அலுத்துக்கொண்டான். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை. பதினான்கு மாதத்தில் எங்கள் நேரம் இருபது தடவைக்கு மேல் மாறியிருக்கிறது. நாளைக்கு விடியாது என்று சொல்லியிருந்தாலும் சரி அத்தான் என்றிருப்பான். அவனைக் குற்றம் சொல்ல இதில் இடமே இல்லை. நானும் அவனிடம் பொய் சொல்லவில்லை. பலகை காலியாகத்தான் இருந்தது.

வண்டி சங்கிலியில் ஏறுவது என் அறைக்குக் கேட்கும். உச்சிக்குப் போக நாற்பது விநாடி. முதல் சரிவு, இரண்டாவது சரிவு. பத்தொன்பது வருடம் கேட்ட சத்தம், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மூன்றாவது சரிவில் அன்றைக்கு அந்தச் சத்தம் இரண்டு இடத்தில் சின்னதாகத் தடுமாறியது. அடுத்தடுத்து. பிறகு சரியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் மைத்துனன் கூப்பிட்டான்.

"அத்தான், வண்டி மூக்கெல்லாம் ரத்தமா இருக்கு."

"கொக்கு ஏதாவது அடிபட்டிருக்கும்டா. கழுவி விடு. எட்டு மணிக்கு ஆளுங்க வர்றாங்க."

ஏரிக் கொக்குகள் வண்டியில் அடிபடுவது எங்களுக்குப் புதிதில்லை. மாதம் ஒன்று நடக்கும்.

"இதுல துணி மாட்டிட்டிருக்கு அத்தான்."

"கழுவுடா" என்றேன். என் சொல்லை அவன் தட்டியதே இல்லை. நீங்கள் வந்தபோது வாளியும் துடைப்பமுமாக நின்றானே, தடயத்தை அழித்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அது அவன் புத்தியில் வந்ததல்ல. நான் சொல்லிச் செய்தது. அதை அடித்துவிடுங்கள்.

முறைப்படி பார்க்க வேண்டும் என்பதால் நான் மூன்றாவது சரிவுக்குப் போனேன். அட்டவணையைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. கழுத்துக்கு மேலே இருந்தது தண்டவாளத்தின் அந்தப் பக்கம் இருந்தது. பேச்சுக்காக அவர் எழுதி வைத்திருந்த தாள் சட்டைப் பையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

அந்த அம்மாள் உயிரோடு இருந்தார்.

நான் அங்கே போனது உங்களுக்குத் தெரியாது. அவர் சுவரோரம் கிடந்தார். வலது கால் தொடைக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது, அதிலிருந்து ரத்தம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்ததும் அருவிச் சத்தத்தில் உதடு மட்டும் அசைந்தது. குனிந்தேன். "அண்ணே" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல பிடி.

ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு வில்லை கிடையாது. அதிகாரியோடு சேர்த்து ஒரே வில்லையில் போனவர். முறைப்படி பார்த்தால் அவர் உள்ளேயே இல்லை. இருந்தாலும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. இடுப்பில் பெல்ட் இருந்தது, கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டியிருக்கலாம். கைபேசி இருந்தது, மருத்துவரைக் கூப்பிட்டிருக்கலாம். ஹோட்டலிலேயே ஒரு மருத்துவர் உண்டு, மூன்று நிமிடத்தில் வருவார். மணி பார்த்தேன். ஏழு ஐம்பத்து மூன்று. பழைய தாளை நம்பி எட்டு மணிக்கு வந்தவர்கள் பாலத்தில் நின்றுகொண்டிருப்பார்கள்.

"கொஞ்சம் இருங்கம்மா. கதவத் திறந்துவிட்டுட்டு வந்துர்றேன்" என்றேன்.

அவர் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது வருடத்தில் நான் காக்க வைத்தது அவர் ஒருவரைத்தான். எட்டே கால்வரை உயிர் இருந்திருக்கும் என்று உங்கள் மருத்துவர் எழுதியிருப்பதாக என் மனைவி சொன்னாள். அவருக்கு இரண்டு பெண்கள் என்றும் சொன்னாள். எனக்கு அது கொஞ்சம் உறுத்தலாகவே இருக்கிறது.

பாலத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எந்த நிறம் என்று நான் பார்க்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர் முகத்திலும் நம்பிக்கை இல்லை, இன்னும் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் சாவியை எடுத்தேன். முன்னால் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். நான்கு வயதுதான் இருக்கும்.

"சாவியத் தொடு கண்ணு" என்றேன்.

தொட்டாள். விரலை எடுத்துப் பார்த்தாள்.

"சாவி ஏன் மாமா ஈரமா இருக்கு?"

"பனிடா கண்ணு" என்றேன்.

எட்டு மணி. ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் கதவு எட்டு மணிக்குத் திறந்தது. கைதட்டினார்கள், ஐயா. முப்பது பேரும் கைதட்டினார்கள். குழந்தைகள் எல்லாம் நேராகப் பெரிய வண்டியைப் பார்த்துத்தான் ஓடின. முதலில் அதில்தான் ஏறும். என் மைத்துனன் அப்போது பாதிதான் கழுவியிருந்தான். அலறல் கேட்டதும் எனக்கு முதலில் வண்டி கிளம்பிவிட்டதோ என்றுதான் தோன்றியது. வழக்கமாக அலறல் அப்படித்தான் கேட்கும். அதற்குப் பிறகு நீங்கள் வந்துவிட்டீர்கள்.

மூன்று நாள் நான் வாய் திறக்கவில்லை. உண்மைதான். என் மனைவி தரையில் உட்கார்ந்துகொண்டு, "அவன் எறும்பக்கூட மிதிக்க மாட்டானே, பலகைய பாத்தது நீங்கதானே, ஏதாவது சொல்லுங்களேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் உங்கள் அறையில் சுவரில் தலையை முட்டிக்கொள்கிறான் என்று வந்து சொன்னாள். எனக்குச் சாப்பாடு எடுத்து வைப்பதை நிறுத்திவிட்டாள். நேற்றுவரை நான் பொறுமையாகத்தான் இருந்தேன். அவசரப்பட்டு என்ன ஆகப் போகிறது?

இன்று காலை பேப்பர் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் நிர்வாகத்தின் விளக்கம் போட்டிருந்தார்கள். புதிதாகப் பொருத்திய தானியங்கிக் கதவு சோதனையின்போது பழுதாகி, குறித்த நேரத்துக்கு முன்பே, எட்டு மணிக்குத் தானாகத் திறந்துகொண்டதாம். அதனால்தான் விருந்தினர்கள் உள்ளே வந்து அந்தக் காட்சியைப் பார்க்க நேர்ந்ததாம். இயந்திரத்தின் படத்தையும் போட்டிருந்தார்கள். நான்கு பத்தி. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டேன். என் மைத்துனனுக்காகத்தான் வந்தேன் என்று என் மனைவியிடம் சொல்லுங்கள்.

பித்தளை வில்லையை உங்கள் மேசை மேல் வைத்திருக்கிறேன். அட்டவணையையும் அந்த அம்மாளையும் கொன்றது நான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதற்கு வேறு சாட்சி தேவைப்படாது. ஆனால் அந்த மஞ்சள் தொப்பிப் பெண்ணை எப்படியாவது கண்டுபிடித்து விசாரியுங்கள், ஐயா. கதவு யார் கையால் திறந்தது என்று அவள் சொல்லுவாள். இயந்திரத்துக்குச் சாவி கிடையாது.